இன்னொரு போல்ட்டு

ஆம்பூரில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த தோல் தொழிற்சாலையில் என் அறைக் கதவுக்கு ஐந்து தாழ்ப்பாள்கள் இருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் ஒன்றுதான் இருந்தது. மற்ற நான்கும் எங்கள் மேஸ்திரியின் உபயம். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒரு கொண்டி, கொண்டிக்குள் ஒரு ஆணி, அந்த ஆணி விழாமல் இருக்க ஒரு சங்கிலி. காலையில் சங்கு ஊதியதும் ஊரெல்லாம் வேலையைத் தொடங்கும், நான் கதவோடு மல்லுக்கட்டத் தொடங்குவேன். சாமான் வாங்கச் சீட்டோடு நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். உள்ளே அப்படி என்ன இருந்தது என்றால் நட்டு, போல்ட்டு, கிரீஸ் டப்பா, சாக்குத் தைக்கும் ஊசி. இவற்றைத் திருட எவனாவது வந்தால் நானே கதவைத் திறந்துவிட்டு டீயும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அவர் எங்கள் தொழிற்சாலையின் ஃபிட்டர். பெயரை எழுதப் போவதில்லை. தன் பெயர் இப்படிக் காவல் இல்லாமல் வெளியே திரிவது அவருக்குப் பிடித்திருக்காது. எல்லோரும் மேஸ்திரி என்போம். அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘ஸ்டோரு’ என்பார். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் நான் அங்கே சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, எண்ணெய்க் கறை ஏறிய காக்கிச் சட்டை. சட்டைப் பைக்கு ஒரு பட்டன், பட்டனுக்கு மேல் ஒரு ஊக்கு. பீடி எடுக்க வேண்டுமானால் ஊக்கைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு பட்டனை அவிழ்ப்பார். பீடி வெளியே வருவதற்குள் தீப்பெட்டி கொடுக்க நின்றவன் வேறு வேலை பார்க்கப் போயிருப்பான்.

அவருடைய டிபன் கேரியர் எங்கள் எல்லோருக்கும் வேடிக்கைப் பொருள். கொக்கி போட்டு, அதன்மேல் கம்பி சுற்றி, கம்பிக்கு மேல் ஒரு தோல் வார் இழுத்துக் கட்டியிருக்கும். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவ எழும்போது அவர் முதல் தட்டைத் திறப்பார். ஒருமுறை வேர்க்கடலை பறிக்கும் சமயத்தில் ஒடுகத்தூர் பக்கம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என்னைக் கண்டதும் கடலையைக்கூடக் கொடுக்காமல் புகாரைத்தான் முதலில் கொடுத்தார். ஆட்டுப்பட்டிக்கு இவர் நாலு தாழ்ப்பாள் போட்டுவிட்டாராம். இவர்கள் ஆடு மேய்ச்சலுக்குக் கிளம்புவதற்குள் ஊர் ஆடெல்லாம் மேய்ந்துவிட்டுத் திரும்பி வருகிறதாம். அவர் அதைப் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவைப் பற்றி அவருக்கு ஒரே கொள்கைதான். “உள்ள இருக்கறது வெளிய வரக்கூடாது, ஸ்டோரு. கதவுன்னா அவ்ளோதான்.” வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது என்றுதானே உலகம் கதவு போடுகிறது என்று நான் கேட்டிருக்கிறேன். என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு இன்னொரு போல்ட்டுக்குச் சீட்டு எழுதச் சொல்வார்.

இந்தக் கொள்கை அவருக்கு டிரம்மிலிருந்து வந்தது. தோல் பதனிடுகிற இடத்தில் டிரம் என்பது ஒன்றரை ஆள் உயர மரப் பீப்பாய். படுத்த வாக்கில் சுழலும். வயிற்றில் ஒரு சதுரக் கதவு. அதன் வழியாகத் தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டு, வெளியிலிருந்து இரண்டு போல்ட்டை முறுக்கிவிட்டு ஓட விடுவார்கள். கதவு தலைகீழாகப் போய்ப் போய் வரும். போல்ட்டு சரியில்லை என்றால் நூறு தோலும் சாயத் தண்ணீரும் தரையில் கிடக்கும்.

நான் சேர்வதற்குப் பல வருஷம் முன்னால் அப்படி ஒருநாள் நடந்தது. அன்று கதவை மூடியவர் இவர். ஒரு போல்ட்டின் மரை தேய்ந்திருந்ததால் இன்னொன்றை மட்டும் முறுக்கிவிட்டு ஓட்டச் சொல்லிவிட்டார். இரண்டாம் சுற்றில் கதவு பிய்த்துக்கொண்டது. அதில் டிரம்மில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவருக்குக் கால் நொறுங்கியது. எலும்பு கோணலாகக் கூடி, அவர் எங்கள் வாட்ச்மேனாக கேட்டுப் பக்கம் ஒரு தகரக் கூண்டில் உட்கார்ந்துவிட்டார். நம் மேஸ்திரியும் அவரும் ஒரே ஊர், ஒரே வயது, ஒரே நாளில் ஒரே பஸ் ஏறி வேலை தேடி வந்தவர்கள். அந்த நாளிலிருந்து வாட்ச்மேன் இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஊருக்குப் போவார்கள். இவர் முன் சீட்டு, அவர் கடைசி சீட்டு.

மேஸ்திரி இதை யாரிடமும் மறைத்ததில்லை. புதிதாகச் சேர்ந்தவன் யாராக இருந்தாலும் ஒரு வாரத்துக்குள் அவனைப் பிடித்து உட்கார வைத்து, “ஒரு போல்ட்டுதான் போட்டேன், ரெண்டு போட்டிருக்கணும்,” என்று சொல்லிவிடுவார். எனக்கும் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கேட்டுப் பக்கமே இருக்கும். முதலில் எனக்குப் பாவமாக இருந்தது. மூன்றாவது தாழ்ப்பாள் என் கதவில் ஏறிய பிறகு கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி கார்.

தோல் பதனிடும் வித்தை சொல்லித்தர வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் அது. பச்சை நிறம், மேலே கூரை கிடையாது, இரண்டே இரண்டு பேர் உட்காரலாம், முதுகில் ஒரு ஸ்டெப்னி. எங்கள் சின்ன முதலாளிக்கு அதுதான் உயிர். அதன் கதவுகள் ஒரு விசித்திரம். இடுப்பு உயரம்கூட இருக்காது. கீல் பின்பக்கம், பிடி முன்பக்கம். அதாவது ஓடும்போது பிடி லேசாக விட்டால் போதும், காற்றே முழுசாகத் திறந்துவிடும். உடம்பு மரச் சட்டத்தில் தகடு அடித்தது என்பதால் பள்ளத்தில் இறங்கினால் வண்டி நெளியும், நெளிந்தால் பிடி விடும். சின்ன முதலாளி ஒரு கையால் ஸ்டியரிங்கையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டுதான் ஊர்வலம் போவார்.

ஒருநாள் அவர் தன் தாயாரை அதில் உட்கார வைத்து அழைத்துப் போனார். பெரியம்மா என்று நாங்கள் எல்லோரும் சொல்லும் அந்த அம்மாள்தான் உண்மையில் தொழிற்சாலையின் கடைசி வார்த்தை. நல்ல கனத்த சரீரம், மெல்லிய குரல். ரயில்வே கேட் திருப்பத்தில் அவர் பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டி ரோட்டில் உருண்டு ஓடியது. பெரியம்மாவும் அதன் பின்னால் போகாமல் இருந்ததற்குக் காரணம் அவர் சரீரம் அந்தச் சீட்டில் இறுகி உட்கார்ந்திருந்ததுதான். வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவர் சத்தம் போடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வாணியம்பாடியில் உறவுக்காரர் கல்யாணம், அதே வண்டியில் போவேன், வழியில் கதவு ஒருமுறை திறந்தாலும் வண்டி நேரே காயலான் கடைக்குப் போகும் என்று மட்டும் சொன்னார்.

சின்ன முதலாளி அழாத குறையாக ஃபிட்டர் ஷெட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். மேஸ்திரி காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார், கதவை நகத்தால் சுரண்டினார், உள்ளே மரம் இருப்பதைக் கண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“டிரம்மு மாரியே கீது, மொதலாளி,” என்றார். “வுடுங்க. இனிமே இது தொறக்காது.”

அந்த ஒரு வாரம் என் ஸ்டோரில் சாமான் மளமளவென்று காலியாயிற்று. பழைய பிடியை எடுத்துவிட்டு உருக்கில் புதுப் பிடி செய்தார். அது நன்றாகவே இருந்தது, அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. மறுநாள் மெஷின் ஓட்டும் பெல்ட்டுக்கான தடித்த எருமைத் தோலில் ஒரு வார் வெட்டி, கதவு காற்றில் முழுசாகப் பறக்காதபடி கட்டினார். அதுவும் நல்ல யோசனைதான். அன்று சாயங்காலமே கதவு ஒரு விரல்கடை திறந்தாலே அடிக்கும்படி ஒரு சைக்கிள் பெல்லைப் பொருத்தினார். புதன்கிழமை வந்து, “ஸ்டோரு, டிரம்மு போல்ட்டு நாலு குடு,” என்றார். எதற்கு என்றேன். “இங்கிலீஷ் காருக்கு இங்கிலீஷ் போல்ட்டுதான் சரியா ஒக்காரும்.” டிரம்மும் அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். அதன் நட்டுக்கு நம் ஊர் ஸ்பேனர் எதுவும் சேராது. சேருவது ஒன்றே ஒன்று. அது அவருடைய பையில், பட்டனுக்கும் ஊக்குக்கும் பின்னால் இருந்தது.

கதவுக்கு இரண்டு போல்ட்டு, இரண்டு கதவுக்கு நான்கு. நான்கும் வெளிப்பக்கம். இருபது வருஷமாக டிரம்முக்குப் போல்ட்டு வெளியே போட்ட கைக்கு வேறு எங்கே போடத் தோன்றும்? எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். நானும் அங்கே வேலை பார்த்து டிரம் கதவுகளையே பார்த்துப் பழகியவன். சின்ன முதலாளி பிறந்ததே அந்த டிரம் சத்தத்தில். எங்களில் ஒருவருக்கும் அதில் கோளாறு தெரியவில்லை. அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

வியாழக்கிழமை சோதனை ஓட்டம். பெரியம்மாவுக்குப் பதிலாகப் பக்கத்து சீட்டில் ஈர எருமைத் தோல்களை அடுக்கினார்கள். எத்தனை தோல் என்று மேஸ்திரி கண்ணாலேயே மதிப்பிட்டுச் சொன்னார். அந்தக் கணக்கைப் பெரியம்மாவிடம் சொல்லும் தைரியம் இன்றுவரை எவனுக்கும் இல்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் லாரி போய்ப் போய்க் குழி விழுந்த பாதையில் சின்ன முதலாளி ஓட்டினார். வண்டி கப்பல் மாதிரி ஆடியது. ஒரு தோல்கூட வெளியே வரவில்லை. பெல் அடிக்கவில்லை. மேஸ்திரி கேட்டுப் பக்கம் பார்த்தார். வாட்ச்மேன் கூண்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பெரியம்மா நல்ல பட்டுப் புடவையும் அத்தர் வாசனையுமாக வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் தோலின் வாசனை சீட்டில் அப்படியே இருந்தது. எங்கள் ஊரில் அதை யாரும் கவனிப்பதில்லை. மேஸ்திரி இரண்டு பக்கமும் போல்ட்டை முறுக்கி, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, வாரை இறுக்கி, ஸ்பேனரைப் பைக்குள் போட்டுப் பட்டன் போட்டு ஊக்கும் குத்தினார். கார் கிளம்பிப் போனது. அவர் அன்று இரண்டு பீடி குடித்தார்.

அதன்பின் நடந்ததைச் சின்ன முதலாளி சொல்லித்தான் தெரியும். வாணியம்பாடி வரைக்கும் கதவு இம்மியும் அசையவில்லை. கல்யாண வீட்டு வாசலில் வண்டி நின்றது. அப்புறமும் அசையவில்லை. சின்ன முதலாளி வாலிபர், கதவைத் தாண்டிக் குதித்துவிட்டார். பெரியம்மா எப்படிக் குதிப்பார்? ஊரில் இருந்த ஸ்பேனரெல்லாம் வந்தது, எதுவும் சேரவில்லை. நாலு ஆண்பிள்ளைகள் சேர்ந்து தூக்கி இறக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவனைப் பெரியம்மா ஒரு பார்வை பார்த்தார், அவன் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டானாம். கடைசியில் பிரியாணி காருக்கே வந்தது. சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் வரிசையாக வந்து கதவுக்கு வெளியே நின்று நலம் விசாரித்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலுக்கு வந்து ஆசி வாங்கினார்கள். கல்யாணத்தில் பாதிக் கூட்டம் மேடைப் பக்கம் போகவே இல்லை.

எல்லாம் சரி. ஆனால் பெரியம்மாவுக்குச் சர்க்கரை. இரண்டு கிளாஸ் சர்பத் வேறு குடித்திருந்தார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். நான் கேட்டருகே ஒரு லாரிச் சாமானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கார் ஹாரன் அடித்தபடியே உள்ளே வந்து வாட்ச்மேன் கூண்டை உரசிக்கொண்டு நின்றது. சின்ன முதலாளி கத்திய ஒரே வார்த்தை, “ஸ்பேனரு!”

மேஸ்திரி ஓடி வந்தார். என்ன நடந்தது என்பது அவருக்குப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பைக்குக் கையைக் கொண்டுபோனார். ஊக்கு வரவில்லை. ஊக்கு வந்தது, பட்டன் வரவில்லை. கடைசியில் பையையே கிழித்து ஸ்பேனரை எடுத்தார். நட்டில் வைத்தார், நழுவியது. மறுபடி வைத்தார், கீழே விழுந்தது.

“நான் உள்ள குந்தினுக்கிறேன்னு தெரியுமாப்பா உனக்கு?” என்று பெரியம்மா கேட்டார். கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் மாதிரி கேட்டார்.

“உள்ள இருக்கறது வெளிய வரக்கூடாதுன்னுதாம்மா...” என்று அவர் தொடங்கினார்.

அப்போது விழுந்த ஸ்பேனரை எடுத்தது வாட்ச்மேனின் கை. காலை இழுத்து இழுத்துக் கூண்டிலிருந்து வந்திருந்தார். டிரம்மில் பத்து வருஷம் வேலை பார்த்தவர், அந்தப் போல்ட்டு அவருக்குத் தெரியாததா? குனிந்து முதல் நட்டைக் கழற்றினார். கழற்றிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

“இவங்க குந்தினு இருக்கறத பாத்துதான் போல்ட்டு போட்ட. அன்னிக்கு என்னப் பாக்கவே இல்லியேடா.”

வாட்ச்மேன் ஸ்பேனரை இரண்டாவது நட்டுக்கு மாற்றினார்.

“டிரம்மு அடியில ஒட்டிக்கின தோல எடுக்க நான் உள்ள எறங்கியிருந்தேன். எட்டிப் பாக்காம மூடிட்ட. ஊர்ல வர்றவன் போறவன் கிட்டெல்லாம் ஒரு போல்ட்டு போட்டேன், ஒரு போல்ட்டு போட்டேன்னு அழுவுற. ரெண்டு போட்டிருந்தா நான் உள்ளயே செத்திருப்பேன். அந்த ஒரு போல்ட்டுதான்டா என்ன வெளிய வுட்டுச்சு.”

இத்தனை வருஷமாகக் கதவு பறந்துவந்து வெளியே நின்ற மனிதர் காலில் விழுந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேஸ்திரி எங்களுக்குச் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சின்னத் தப்பை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெரிய தப்பின் மேல் தாழ்ப்பாள் போட்டுவைத்திருந்தார்.

“பாக்கல,” என்றார் மேஸ்திரி. குரல் அவருடையது மாதிரியே இல்லை. “எட்டிப் பாக்கல. தப்புதான்டா.”

வாட்ச்மேன் ஸ்பேனரை அப்படியே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். இரண்டாவது நட்டு பாதி கழன்று நின்றது. அவர் கண்ணிலும் தண்ணீர், இவர் கண்ணிலும் தண்ணீர்.

“உங்க பஞ்சாயத்த அப்புறம் வெச்சுக்கங்கப்பா,” என்றார் பெரியம்மா. “மொதல்ல என்ன எறக்குங்க.”

இரண்டே சுற்றில் நட்டு வந்தது. கதவு திறந்தது, சைக்கிள் பெல் கணகணவென்று அடித்தது. பெரியம்மா அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

அவர் ஆபீஸ் கட்டடத்திலிருந்து திரும்பி வரும் வரைக்கும் நான்கு பேரும் காரைச் சுற்றி நின்றோம். காயலான் கடைக்கு எந்த வழியாகப் போவது என்று சின்ன முதலாளி மனசுக்குள் யோசித்துக்கொண்டிருந்திருப்பார். பெரியம்மா நிதானமாக வந்து, கதவை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தார். வழியில் கதவு திறந்தால்தானே வண்டி காயலான் கடைக்குப் போகும் என்று சொல்லியிருந்தேன், அது திறக்கவில்லை, ஆகவே வண்டி இருக்கட்டும் என்றார். சொன்ன சொல்லில் அவ்வளவு கறார். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டுகிற மாதிரி உள்ளே ஒரு பிடி வை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வைத்தார். டிரம் போல்ட்டு நான்கையும் கழற்றி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். உருக்குப் பிடி, எருமைத் தோல் வார், பெல், உள்ளே ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அதன் பிறகு எட்டு வருஷம் அந்தக் கார் ஆம்பூர் ரோட்டில் ஓடியது. ஒருமுறையும் கதவு தானாகத் திறந்ததில்லை, திறக்க நினைத்தபோது திறக்காமலும் இருந்ததில்லை. அவர் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது என்று நான் இன்றும் சொல்வேன்.

அடுத்த வாரம் என் ஸ்டோர் கதவின் நான்கு தாழ்ப்பாள்களும் போயின. நிம்மதி என்று நினைத்தேன், ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் போனால் இன்னொன்று வராமல் இருக்காது. இப்போது எந்தக் கதவையும் மூடும் முன் இரண்டு தட்டுத் தட்டி, “உள்ள ஆள் இருக்கா?” என்று கேட்கத் தொடங்கினார். டிரம்முக்குக் கேட்டார், சரி. லாரிக்குக் கேட்டார், அதுவும் சரி. என் ஸ்டோரில் ஸ்டேஷனரி வைத்திருந்த முக்கால் அடி ஆழ பீரோவையும் தட்டிக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன்.

“சிரி, ஸ்டோரு,” என்றார். “பதில் வரலன்னா சந்தோசம்தான?”

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்களா என்று என்னைக் கேட்டால், இல்லை. முன் சீட்டு முன் சீட்டாகவும் கடைசி சீட்டு கடைசி சீட்டாகவும்தான் இருந்தன. பதினோரு வருஷப் பழக்கம் ஒரு மதியத்தில் போய்விடாது. ஆனால் தினமும் சாயங்காலம் சங்கு ஊதியதும் நான் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகக் கிளம்புவேன். மேஸ்திரி கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேன் கூண்டுக்கு முன்னால் நிற்பார். கூண்டின் கதவு திறந்துதான் இருக்கும். உள்ளே வாட்ச்மேன் கோணல் காலை நீட்டிக்கொண்டு, ஊருக்கே தெரியும்படி உட்கார்ந்திருப்பார். மேஸ்திரி தகரத்தை இரண்டு தட்டுத் தட்டுவார்.

“உள்ள ஆள் இருக்கா?”

“இருக்கேன், போ.”